கால்வாய் வேறு, நாடு வேறா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழாவிற்குச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வருகை தந்தார். மாலையும் பொன்னாடையும் ஏற்றபின் அவர் பேசியதன் சாரம் இது: “நாட்டு அரசியலை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் உங்கள் வீட்டுப் பிள்ளை. கால்வாய் அடைத்திருக்கிறதா, பள்ளிக்கு நாற்காலி வேண்டுமா, என்னிடம் சொல்லுங்கள். சமுதாயப் பிரச்சினை வேறு, தேசிய அரசியல் வேறு.” மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன்.

அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு அரிசிப் பையோடு முதலில் வந்து நின்றவர் அவரே. ஆயினும் அவர் மொழிந்த கருத்து நம்மை நெடுங்காலமாக ஏமாற்றி வரும் கருத்து. கட்சி எதுவாயினும் நம்மிடம் வாக்குக் கேட்போர் இதனையே வெவ்வேறு சொற்களில் கூறி வருகின்றனர்.

அவர் சொன்ன கால்வாயையே எடுத்துக்கொள்வோம். அது ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. அம்மன்றத்தின் உறுப்பினரை நாம் தேர்ந்தெடுக்கின்றோமா? இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணங்காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி. நாகப்பன். தேர்தல் மீண்டும் நடைபெற வேண்டும் என்றே ஆணையம் பரிந்துரைத்தது. 1971-இல் வெளியான அவ்வறிக்கையின் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. ஆகவே, கால்வாய் நாறும்போது நாம் வாக்கால் நீக்க முடியாத ஒருவரிடம் மனுவை நீட்டி நிற்கின்றோம். நம் வீட்டு வாசலில் ஓடும் சாக்கடையும் நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் வருகிறது!

பள்ளியின் கதையும் இதுவே. விடுதலையின்போது எண்ணூறுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கிவிட்டன. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுவன. பல பள்ளிகள் நிற்கும் நிலம் தோட்டத்திற்குச் சொந்தமானது. தோட்டம் கைமாறினால் பள்ளியின் கதி என்ன என்று தலைமையாசிரியர் அஞ்சுகிறார். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைப் புரட்டுங்கள். கல்வி கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் காலூன்ற இடம் வேண்டுமாயின் இரண்டு அரசுகளும் அசைய வேண்டும். இதனைச் ‘சமுதாயப் பிரச்சினை’ என்று பெயரிட்டு ஒதுக்கினால், இரண்டு அரசுகளையும் பொறுப்பிலிருந்து விடுவித்தவர்கள் ஆகின்றோம்.

1961-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் 21(2) என்றொரு பிரிவு இருந்தது. தாய்மொழிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்ற அமைச்சருக்கு அது அதிகாரம் அளித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் நம் தலைக்குமேல் தொங்கிய அக்கத்தி 1996-ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெறவில்லை. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாம் பெற்ற நாற்காலிகள் எத்தனையோ! அவற்றுள் எதுவும் அப்பிரிவை அகற்றியிருக்க முடியாது.

“நாம் சிறுபான்மையினர், நாட்டு அரசியலில் நம் குரல் எடுபடுமா?” என்று கேட்போர் உளர். நாடாளுமன்றத்தின் 222 தொகுதிகளுள் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை என்பது உண்மையே. அதனாலேயே நம் குறையை நம் மண்டபத்தில் மட்டும் பேசிப் பயனில்லை என்கிறேன். மலாய்க்காரரும் சீனரும் வாக்களித்தாலன்றி நம் உறுப்பினர் எவரும் வெல்ல முடியாது. நம் வழக்கு அவர்கள் காதிலும் நியாயமாக ஒலிக்க வேண்டாவா?

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். போற்றத்தக்க பணி. ஆனால் 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோரிடம் வேலை அனுமதி கேட்டபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். எத்துணைச் சிறந்த கூட்டுறவாலும் ஒரு நாட்டுச் சட்டத்தைத் தடுக்க இயலவில்லை.

ஆசிரியர்களாகிய நாமும் இப்பழிக்குப் பங்காளிகள். மாணவர்க்கு அரசியலமைப்பைத் தேர்வுக்காகக் கற்பிக்கின்றோம். மேடைக்கு உறுப்பினர் வந்ததும் கேள்வியைப் பையில் வைத்துவிட்டுப் பொன்னாடையை எடுக்கின்றோம்.

அன்று விருந்தின்போது பள்ளி வாரியத் தலைவர், பள்ளியின் நிலப்பட்டாவைப் பற்றி மெல்லக் கேட்டார். “அது பெரிய அரசியல் ஐயா, மேலிடத்தில் பேச வேண்டும்” என்றார் உறுப்பினர். நிலம் மாநிலத்தின் கையில். அவர் அமர்ந்திருப்பதோ மாநிலச் சட்டமன்றத்தில். சோற்றில் கை வைத்திருந்த எங்களுள் எவரும் அதனை எடுத்துச் சொல்லவில்லை. மறுவாரம் விழா அறிக்கையை எழுதியவன் நானே. மாலை, காசோலைத் தொகை, குழுப் புகைப்படம் அனைத்தையும் எழுதினேன். தலைவர் கேட்ட கேள்வியையும் அதற்குக் கிடைத்த விடையையும் எழுதாமல் விட்டேன்.