‘ஃபார்மட் பண்ணிடுங்க’

கணினியில் எது கெட்டாலும் ‘ஃபார்மட் பண்ணிடுங்க, ஒரு மணி நேர வேலைதான்’ என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இனிமேல் நாகரிகமாகச் சொல்ல முடியாது.

நான் மெய்ப்புப் பார்க்கிறவன். எங்களுக்குப் பக்கம் வடிவமைத்துத் தருகிற அக்கா, புத்தகக் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சொற்பிழை திருத்தும் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவப் போனார். பாதியில் நின்றது. பழைய பதிப்பை அகற்ற முடியவில்லையாம், பிழை எண் 1714. தொழில்நுட்ப உதவிக்குழுவைத் தொடர்புகொள்ளச் சொன்னது. சரி, பழசை நாமே நீக்கலாம் என்று கண்ட்ரோல் பேனலுக்குப் போனால், அதற்கு வேண்டிய கோப்பைக் காணோம் என்றது. புதுசும் ஏறாது, பழசும் இறங்காது.

உதவிக்குழுவுக்கு போன் போட்டார். “உங்க சிஸ்டம்லதான் மேடம் பிராப்ளம். ஃபார்மட் பண்ணிட்டுப் போடுங்க.”

பண்ணினார்கள். டி டிரைவில் இருந்த புத்தகங்கள் தப்பின. ஆறு வருஷமாக அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்த சொற்பட்டியல் தப்பவில்லை. ஊர்ப்பெயர்கள், வட்டார வழக்குகள், ‘இதுல கைவைக்காதீங்க’ என்று எழுத்தாளர்கள் அடம்பிடித்த சொற்கள் எல்லாம் சி டிரைவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. பேக்கப் எடுத்திருக்கணும் என்பார்கள். இருப்பது இன்ன இடம் என்று ஒருத்தரும் சொல்லாத ஒன்றை எப்படி எடுப்பது?

நடந்தது இதுதான். விண்டோஸ் இன்ஸ்டாலர் 1999இல் ஆஃபிஸ் 2000 வந்த காலத்து ஏற்பாடு. ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் எம்எஸ்ஐ கோப்பின் நகல் ஒன்றை, விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைவாக இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டரில், ஏதோ ஒரு கன்னாபின்னா பெயரில் எடுத்துவைத்துக்கொள்ளும். பின்னால் நீக்கவோ மாற்றவோ அந்த நகல்தான் சாவி. புதிய பதிப்பு வந்து பழையதை வெளியேற்றப் பார்க்கும்போது நகல் இல்லையென்றால், முதலில் நிறுவிய இடத்தில் தேடும். அங்கேயும் இல்லையென்றால் 1714.

நகலை அழித்தது யார்? நான்தான். சி டிரைவ் நிரம்பி சிவப்பாகிவிட்டது என்று அக்கா சொன்னபோது, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பெரிய மேதாவி மாதிரி அந்த ஃபோல்டரைக் காலி செய்தேன். இதை ஒளித்துவைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டினால் அது யோக்கியமில்லை.

ஆனாலும் திட்டத்தான் போகிறேன். என் முட்டாள்தனத்துக்கு மருந்து இருந்தது. அந்தப் பழைய பதிப்பின் அதே எம்எஸ்ஐ கோப்பை மறுபடி காட்டியிருந்தால் பெரும்பாலும் போதும், பழசு அமைதியாக இறங்கியிருக்கும். அது நிறுவனத்தின் கையில்தான் இருக்க வேண்டும். விசாரித்தேன். “பழைய வெர்ஷன் எல்லாம் சைட்ல வைக்கிறதில்ல சார்.” ஏன்? இடம் அடைக்கிறதா? என்னைப் போன்ற அரைகுறைகள் கைவைப்பார்கள் என்பது மென்பொருள் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொரு கூத்து. இந்த ஏற்பாடு பதிப்பு எண்ணில் முதல் மூன்று பகுதிகளைத்தான் ஒப்பிடும். 3.2.1.4க்குப் பிறகு 3.2.1.5 விட்டால் இரண்டும் அதற்கு ஒன்றுதான். விளைவு, ‘ஏற்கெனவே வேறு பதிப்பு இருக்கிறது’ என்று மறுக்கும். இல்லையென்றால் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கும். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படிக்காதவர்கள் பயனாளிகள் இல்லை, செய்தவர்கள். புத்தம்புதுக் கணினியில் நிறுவிப் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று அனுப்பிவிடுகிறார்கள். பழைய பதிப்பு இருக்கிற கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் அந்தக் கணினியில்தானே இருக்கிறார்கள்?

‘ஃபார்மட்’ என்ற சொல்லுக்கு நிறுவனத்துக்கு ஒரு பைசா செலவில்லை. செலவு முழுக்க அக்காவுக்கு. பழைய கோப்புகளை வைத்திருங்கள், ஃபார்மட் சொல்வதற்கு முன் ‘சொற்பட்டியலை எடுத்துட்டீங்களா மேடம்’ என்று கேளுங்கள். கேட்பதற்கு அரை நிமிஷம் ஆகாது.

அக்கா முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். நேற்று வரை நாற்பது சொல். ‘கம்மாய்’க்குக் கீழே இன்னும் சிவப்புக் கோடு ஓடுகிறது.