ஜாரியாத் தீ: அதிகாரம் யாருக்காக?

ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத் ஜில்லாவில் இருக்கிறது ஜாரியா நிலக்கரிப் பிரதேசம். 1916-ம் ஆண்டு அங்குள்ள பௌரா சுரங்கத்தில் முதல் தீ காணப்பட்டது. அன்று தொட்டு நூறாண்டுகளுக்கு மேலாக ஜாரியாவின் பூமிக்கடியில் தீ எரிந்துகொண்டே இருக்கிறது. இரும்பு உருக்குவதற்கான உயர்ரகக் கோக் நிலக்கரி இந்நாட்டில் முக்கியமாக இங்குதான் கிடைக்கிறது. அந்தச் செல்வம் ஒருபுறம் சாம்பலாகிறது. மறுபுறம், அந்தத் தீயின் மேலேயே குடிசை போட்டு உழைப்பாளி மக்கள் வாழ்கிறார்கள்.

2025 ஜூன் மாதம் மத்திய சர்க்கார் ஜாரியாவுக்காக ரூ. 5,940.47 கோடியில் திருத்தப்பட்ட பெருந்திட்டம் ஒன்றை அங்கீகரித்திருக்கிறது. தொகை பெரிதுதான். ஆனால் அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்துவிடுமுன், இதுவரை நடந்ததைத் தொழிலாளி வர்க்கம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளுக்குள் சூடேறிப் புகைவதை நம் விவசாயத் தொழிலாளர்கள் அறிவார்கள். நிலக்கரியும் காற்றுப் பட்டால் தானாகவே சூடேறும்; சூடு வெளியேற வழியில்லாதபோது பற்றிக்கொள்ளும். ஆகவே கரி வெட்டிய இடத்தை மணலால் நிரப்பிக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். தனியார் முதலாளிகள் என்ன செய்தார்கள்? மேலடுக்கில் கைக்கெட்டிய கரியை வெட்டி விற்றார்கள். குடைந்த குகைகளையும், கூரையைத் தாங்க விட்ட கரித் தூண்களையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். மணலுக்குச் செலவிட்டால் லாபம் குறையும் அல்லவா?

இதைத் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் இல்லாமலா இருந்தது? வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, 1939-ல், மணல் நிரப்புவதற்கென்று சட்டம் வந்தது. கரியின் மீது தீர்வை வசூலித்து அந்தச் செலவுக்கு உதவினார்கள். 1952-ல் நிலக்கரியைப் பாதுகாக்க இன்னொரு சட்டம். அதே ஆண்டு வந்த சுரங்கச் சட்டம், உயிருக்கு உடனடி அபாயம் என்று கண்டால் வேலையைத் தடுத்து உத்தரவிடும் அதிகாரத்தை இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தது. 1974-ம் ஆண்டுச் சட்டமோ, நிலக்கரியைக் காக்கத் தேவையான நடவடிக்கைகளை எடுக்கவும், எடுக்கும்படி சுரங்க உடைமையாளருக்கு உத்தரவிடவும் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தந்தது.

காகிதத்தில் அதிகாரம் சர்க்காரிடம் இருந்தது. சுரங்கம் முதலாளியிடம் இருந்தது. 1971 அக்டோபரில்தான் கோக் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1972 மே தினத்தன்று 214 சுரங்கங்கள் தேசவுடைமையாயின. அப்போது உருக்கு, சுரங்க மந்திரியாக இருந்து இதைச் செய்தவர் தமிழ்நாட்டின் மோகன் குமாரமங்கலம். முதலாளிகள் பொதுத்துறைக்கு விட்டுச் சென்ற சீதனம் எழுபது தீக்கள்!

1997-ல் ஆசன்சால் தொகுதி மார்க்சிஸ்ட் எம்.பி. ஹரதன் ராய் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். அதன் பிறகே சர்க்கார் அசைந்தது. 2009 ஆகஸ்டில் ஜாரியாவுக்கு ரூ. 7,112 கோடித் திட்டம் அங்கீகாரம் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுக் கெடு 2021-ல் முடிந்தது, வேலை முடியவில்லை.

தீ கண்ட இடங்கள் 77-லிருந்து 27 ஆகக் குறைந்துவிட்டதாக 2021-ம் ஆண்டு ஆய்வைக் காட்டிச் சர்க்கார் சொல்கிறது. இதை நாம் குறைத்துப் பேசவில்லை. பொதுத்துறை மனம் வைத்தால் தீயை ஒடுக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. நாம் கேட்பது மனிதர்களைப் பற்றி. 2017 மே மாதம் ஜாரியாவில் பூமி பிளந்து ஒரு தந்தையையும் மகனையும் விழுங்கிற்று. அடுத்த மாதமே, தீ அபாயத்தைக் காட்டி, தன்பாத்–சந்திரபுரா இடையே 34 கிலோமீட்டர் ரயில் பாதை மூடப்பட்டது. பயணிகளைக் காக்க வண்டியை நிறுத்தியது சரியே. அதே தீயின் மேல் இரவெல்லாம் படுத்துறங்கும் குடும்பங்களுக்கு மட்டும் ஏன் பன்னிரண்டு ஆண்டுத் திட்டம்?

அந்தக் குடும்பங்கள் நகர மறுப்பதாக அதிகாரிகள் குறை கூறுகிறார்கள். பெல்காரியாவில் வீடு கட்டிக் கொடுத்தால் போதுமா? கரி சுமந்தும் கூலி வேலை செய்தும் அன்றாடம் கஞ்சி குடிப்பவன், வேலையை விட்டுத் தூரத்து வீட்டில் என்ன செய்வான்? பட்டா உள்ளவர், இல்லாதவர் இருவருக்குமே பிழைப்புக்கு ரூ. 1 லட்சமும், ரூ. 3 லட்சம் வரை கடன் வசதியும் உண்டு என்கிறது புதிய திட்டம். பட்டா இல்லாதோரையும் சேர்த்தது நல்லது. ஆனால் கடன் வேறு, வேலை வேறு. பட்டா இல்லாத மனையில் குடியிருக்கும் நம் விவசாயத் தொழிலாளிக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. எரியும் கரியைத் தோண்டி எடுப்பதும் தீயை அணைக்கும் வழிதான். அதுவே காசு தரும் வழியுமாகும். எங்கே முதலில் தோண்டுவது, யாரை முதலில் அகற்றுவது என்பதை நிர்வாகமும் காண்டிராக்டரும் மட்டும் முடிவு செய்தால், எந்தப் பக்கம் தராசு சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்நிலையில், 2020 முதல் நிலக்கரிச் சுரங்கங்களை வியாபாரத்துக்காகத் தனியாருக்கு ஏலம் விடுகிறார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நூறாண்டுச் சூடு பட்டும் நம் ஆட்சியாளருக்கு அந்தப் பூனையின் புத்திகூட வரவில்லை!

ஆகவே நாம் வற்புறுத்துகிறோம்: தீயின் மேல் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், பட்டா கேட்காமல், வீட்டோடு வேலையும் கொடு! திட்டத்தை நிறைவேற்றும் கமிட்டியில் தொழிற்சங்கங்களுக்கும் குடியிருப்போருக்கும் இடம் கொடு! எந்தத் தீ எவ்வளவு அணைந்தது, எத்தனை குடும்பம் குடியேறியது என்ற கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வை! சுரங்கங்களைத் தனியாருக்கு ஏலம் விடுவதை நிறுத்து!

மில் தொழிலாளி இயக்கும் எந்திரத்திலும், வயலில் அறுக்கும் அரிவாளிலும் இருக்கும் இரும்பு நிலக்கரியில் உருகி வந்ததே. அந்தக் கரியை வெட்டித் தந்தவர்களின் கோரிக்கையைச் சங்கக் கூட்டங்களில் எடுத்துப் பேசுங்கள். தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். சட்டத்திலுள்ள அதிகாரம் உழைப்பாளியின் பக்கம் தானாக வருவதில்லை. ஒன்றுபட்ட குரலே அதைக் கொண்டுவரும்.