பதினேழாம் பக்கத்துச் செய்தி

போர்க்காலத்தில் மாற்றுக் கருத்தை அமுக்குவதற்குத் தணிக்கை அதிகாரி வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. 2003-இல் அமெரிக்கா இராக் மீது படையெடுத்தபோது, அமெரிக்காவில் எந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கும் பூட்டு விழவில்லை. பேச்சுரிமையை அரசமைப்பின் முதல் திருத்தத்திலேயே எழுதிவைத்த நாடு அது. வேலை ஆசிரியர் மேஜைகளிலேயே முடிந்தது.

2002 செப்டம்பர் 8 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் ஒரு செய்தி: அணுகுண்டுத் திட்டத்துக்காகச் சிறப்பு அலுமினியக் குழாய்களை வாங்க இராக்கின் சதாம் உசேன் அரசு முயல்கிறது. சொன்னவர்கள், பெயர் குறிப்பிடாத அரசு அதிகாரிகள். அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சிப் பேட்டியில் அதே செய்தியை மேற்கோள் காட்டினார். அரசு கொடுத்த தகவல், பத்திரிகையின் முத்திரையோடு திரும்பி வந்து அரசுக்கே சாட்சி சொன்னது. அந்தக் குழாய்கள் அணுகுண்டுக்கு உதவாதவை என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர்கள் கருதியது அதே அளவுக்கு எடுபடவில்லை.

பொய்யை முன்னே வைப்பது ஒரு வழி என்றால், உண்மையைப் பின்னே தள்ளுவது இன்னொன்று. ‘வாஷிங்டன் போஸ்ட்’டின் மூத்த நிருபர் வால்டர் பிங்கஸ், இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் எங்கே இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்ல அரசிடம் விவரமில்லை என எழுதினார். போர் தொடங்கச் சில நாட்களே இருக்கையில், 2003 மார்ச் 16 அன்று அது வெளியானது. இடம் 17-ஆம் பக்கம். செய்தியை வெளியிடவில்லை என்று எவரும் குறை சொல்ல முடியாது. அதுதான் இதிலுள்ள சாமர்த்தியம்.

தொலைக்காட்சியில் இந்த நாசூக்குகூட இல்லை. எம்எஸ்என்பிசி செய்தி அலைவரிசையில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சியாக இருந்தும், போரை எதிர்த்த ஃபில் டோனஹ்யூவின் விவாத நிகழ்ச்சி பிப்ரவரி இறுதியில் நிறுத்தப்பட்டது. போர் நேரத்தில் அவர் நிறுவனத்துக்குச் சங்கடமான முகமாக இருப்பார் என்று எழுதிய உள்குறிப்பு பின்னர் கசிந்தது. போர் தொடங்கிய முதல் மூன்று வாரங்களின் ஒளிபரப்பை ‘ஃபேர்’ என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு ஆராய்ந்தது. ஆறு அலைவரிசைகளில் பேசிய அமெரிக்கர்களில் போரை எதிர்த்தவர்கள் 3 சதவீதம். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், பிப்ரவரி 15 அன்று, உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியிருந்தார்கள்.

எல்லோரும் ஏமாந்துவிட்டார்கள் என்ற சமாதானம் செல்லாது. ‘நைட் ரிடர்’ பத்திரிகைக் குழுமத்தின் நிருபர்கள் ஜோனதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபெலும் அமைச்சர்களை விட்டுவிட்டு இடைநிலை அதிகாரிகளிடம் விசாரித்தார்கள். அரசின் வாதத்தில் உள்ள ஓட்டைகளை அப்போதே எழுதினார்கள். ஆனால் அந்தக் குழுமத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ நாளிதழ் இருக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் காலையில் பிரித்துப் படிக்கும் தாளில் அவர்கள் எழுத்து இல்லை.

பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் கடைசிவரை அகப்படவில்லை. 2004 மே 26 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் செய்திகளில் தேவையான கண்டிப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டு குறிப்பு வெளியிட்டது. அதில் எந்த நிருபரின் பெயரும் இல்லை. அச்சானது 10-ஆம் பக்கத்தில்.