கேட்பதும் களப்பணியே: ஒரு வானொலி ஆர்வலரின் ஆண்டுத் திட்டம்

ஆண்டின் தொடக்கத்தில் வானொலி ஆர்வலர்கள் இரண்டு பட்டியல்களை எழுதுவது வழக்கம். கைவசமுள்ள கருவிகளின் பட்டியல் ஒன்று. அவ்வாண்டில் கேட்க விரும்பும் நிலையங்களின் பட்டியல் மற்றொன்று. இத்தனை நாடுகள், இத்தனை அலைவரிசைகள், இத்தனை க்யூஎஸ்எல் அட்டைகள் என்று இரண்டாவது பட்டியல் எண்களால் நிறையும். நிலையம் தன் ஒலிபரப்பைக் கேட்ட நேயருக்கு உறுதிச் சான்றாக அனுப்பும் அட்டைக்கு அப்பெயர். இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது பல்கலைக்கழகத்தாருக்கு எளிது. என் கருத்து வேறு. முறையாக எழுதப்பட்ட வானொலிக் கேட்புக் குறிப்பேடு ஓர் ஆய்வு ஆவணம். மொழி, ஊடகம், வரலாறு ஆகிய துறைகளில் இருப்போர் இவ்வாண்டே அத்தகைய குறிப்பேட்டைத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாம் பதிவு செய்ய வேண்டிய குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கி வருகின்றன என்பதே அதற்குக் காரணம்.

சில தேதிகளை நினைவுபடுத்துகிறேன். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. மணிலாவிலிருந்து தமிழிலும் ஒலித்த ரேடியோ வெரித்தாஸ் ஏசியா 2018 ஜூன் இறுதியில் சிற்றலையை விட்டு விலகியது. அதே 1941இல் தொடங்கிய பிபிசியின் வங்காள வானொலி 2022 டிசம்பர் 31 அன்று விடைபெற்றது. இவற்றை நிறுவனங்களின் நிதி முடிவுகளாக மட்டும் நாம் படித்துக் கடந்தோம். ஆனால் தமிழோசையின் 76 ஆண்டுகள் என்பது இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் ஒரே நேரத்தில் செவிமடுத்த ஒரு பேச்சுத் தரத்தின் வரலாறு. அயல்நாட்டுப் பெயர்களை எவ்வாறு ஒலித்தார்கள், ஈழ வழக்கும் தமிழக வழக்கும் ஒரே செய்தியறிக்கையில் எவ்வாறு இணங்கின, வடசொல்லை எப்போது விட்டார்கள், ஆங்கிலச் சொல்லை எப்போது ஏற்றார்கள் என்பனவெல்லாம் அதில் அடங்கும். ஒலிக்காப்பகங்கள் பொதுவாக இசையையும் தலைவர்களின் உரைகளையும் நாடகங்களையும் பேணும். அன்றாட அறிவிப்பு, வானிலை, சந்தை நிலவரம், நேயர் கடிதம் முதலியவை காற்றோடு போகும். மொழியியலாளருக்கு மிகவும் வேண்டியது காற்றோடு போகும் இப்பகுதியே.

இத்துறையில் நிறுவனங்களுக்கு முன்பே ஆர்வலர்கள் வந்துவிட்டார்கள் என்பதற்கு நான் வசிக்கும் கொல்கத்தாவே சான்று. 1895இல் ஜகதீச சந்திர போஸ் இந்நகரின் டவுன் ஹாலில் மின்காந்த அலைகளைக் கொண்டு செயல்விளக்கம் நிகழ்த்தினார். 1921இல் அமரேந்திர சந்திர குப்தா 2ஜேகே என்ற அழைப்புக்குறியுடன் இந்தியாவின் முதல் அமெச்சூர் வானொலி உரிமத்தைப் பெற்றார். அதே ஆண்டில் முகுல் போஸ் 2எச்க்யூ என்ற குறியுடன் இரண்டாமவரானார். கல்கத்தா வானொலிச் சங்கம் 1923 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் கல்கத்தா நிலையம் 1927 ஆகஸ்ட் 26 அன்றுதான் திறக்கப்பட்டது. தமிழகத்தின் கதையும் இதுவே. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் 1924இல் உருவாகி அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பியது. அச்சங்கம் நலிவுற்றபின் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றுதான் வந்தது. ஆக, வானொலி வரலாற்றின் முதல் அத்தியாயத்தை எழுதியவர்கள் ஆர்வலர்கள். அதன் மத்திய அலை அத்தியாயம் முடியுமானால், அதை எழுதி வைக்கும் பொறுப்பையும் அவர்களிடம் மட்டும் விட்டுவிடுவது நமக்கு அழகா?

கரியாஹாட் பகுதிக்கு இதில் தனிப்பட்ட ஓர் உரிமையும் உண்டு. 1971 மே 25 முதல் சுதந்திர வங்க வானொலியாகிய ஸ்வாதீன் பங்களா பேதார் கேந்திரா, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் இருந்த ஒரு வீட்டிலிருந்து இயங்கியது. 50 கிலோவாட் மத்திய அலைக் கருவியின் வழியே அந்நிலையம் பேசியது. அதில் எம்.ஆர். அக்தர் முகுல் வழங்கிய ‘சரம்பத்ர’ என்னும் அங்கத நிகழ்ச்சி டாக்கா வட்டார வழக்கில் அமைந்தது. தரப்படுத்தப்பட்ட வங்காளத்தில் செய்தி வாசித்த அதே நிலையம், எதிரியை எள்ளி நகையாட வட்டார வழக்கைத் தேர்ந்தது. போர்க்காலத்தில் ஒரு கிளைமொழிக்குக் கிடைத்த இந்த மதிப்பை எழுத்து வடிவில் படித்து உணர இயலாது. காதால் கேட்க வேண்டும். வங்காள மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி 1926இல் பெருநூல் வெளியிட்ட சுனிதி குமார் சாட்டர்ஜியின் இல்லமும் கரியாஹாட்டை ஒட்டிய ஹிந்துஸ்தான் பார்க்கில்தான் இருக்கிறது. அவர் காலத்து அறிஞர்கள் ஒலி வேறுபாடுகளைச் செவியால் பிடித்துக் கையால் குறித்தார்கள். நம்மிடம் பதிவுக் கருவி இருக்கிறது. செவிதான் பழக்கம் விட்டுப்போயிற்று.

இனி என் கருவிகள். இவற்றைச் சொல்வதன் நோக்கம், செலவு ஒரு தடையாகாது என்று காட்டுவதே. உள்ளங்கையில் அடங்கும் டெக்சன் பிஎல்-330 வானொலிப் பெட்டி ஒன்று. மத்திய அலை, சிற்றலை, பண்பலை மூன்றையும் எடுக்கும். நடுத்தர விலைத் திறன்பேசியை விட மலிவானது. அடுத்து, இரண்டடிச் சதுர மரச்சட்டத்தில் சுமார் 12 சுற்றுச் செப்புக் கம்பி சுற்றி, சாந்தினி சந்தையில் வாங்கிய பழைய கேங் கண்டன்சர் ஒன்றை இணைத்துச் செய்த வளைய ஆன்டெனா. இதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. பெட்டியின் அருகில் வைத்துக் கண்டன்சரைத் திருப்பினால் வேண்டிய அலைவரிசை வலுப்பெறும். மூன்றாவது, ஒலியைச் சுருக்காமல் பதியும் சிறு ஒலிப்பதிவுக் கருவி. நான்காவது, கோடிட்ட ஒரு நோட்டுப் புத்தகம். இந்நான்கில் இன்றியமையாதது எதுவென்று கேட்டால் நோட்டுப் புத்தகம் என்பேன்.

கரியாஹாட் போன்ற நெருக்கமான பகுதியில் மத்திய அலையைக் கேட்பது எளிதன்று. எல்இடி விளக்குகள், திறன்பேசி மின்னூட்டிகள், இன்வெர்ட்டர்கள், மின்தூக்கிகள் ஆகிய அனைத்தும் இரைச்சலை உமிழ்கின்றன. கடைகள் மூடிய பின்னிரவில் இரைச்சல் தணிகிறது. வளைய ஆன்டெனாவிற்கு ஒரு நற்குணம் உண்டு. சில திசைகளிலிருந்து வரும் அலையை அது ஏற்கும். வேறு சிலவற்றை ஏறக்குறைய முற்றிலும் மறுக்கும். எனவே அதனை மெல்லத் திருப்பி, பக்கத்து வீட்டு மின்னூட்டியை மறைத்துத் தொலைதூர நிலையத்தை வெளிக்கொணர முடியும். ஆயினும் இரைச்சலை அழித்துவிட வேண்டிய குறையாக மட்டும் நான் கருதவில்லை. ஒரு நகரத்தில் எந்தக் குரல் எந்த இரைச்சலுக்கு நடுவே எந்த நேரத்தில் எட்டியது என்பதும் அக்குரலின் வரலாற்றில் ஒரு பகுதியே. ஆகவே சர்வதேச வழக்கிலுள்ள சின்போ குறியீட்டைப் பயன்படுத்துகிறேன். சமிக்ஞையின் வலு, குறுக்கீடு, இரைச்சல், அலைபரவல், ஒட்டுமொத்தத் தெளிவு ஆகிய ஐந்திற்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவது அம்முறை. ஐந்து இலக்கங்களில் ஓர் இரவின் கேட்புநிலை அடங்கிவிடும்.

இவ்வாண்டிற்கு நான் நான்கு இலக்குகளை வகுத்திருக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டும் இலக்கு இவற்றில் எதுவும் இல்லை.

முதலாவது, ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம், குறிப்பிட்ட ஐந்து அலைவரிசைகளை மட்டும் கேட்பது: கொல்கத்தா 657, சென்னை 720, திருச்சிராப்பள்ளி 936, திருநெல்வேலி 1197, டாக்கா 693 கிலோஹெர்ட்ஸ். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். இரவில் அவ்வடுக்கு மறைவதால் அலை வானில் பட்டுத் தெறித்து நெடுந்தொலைவு செல்லும். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடைப்பட்ட ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை அது கடப்பது இவ்வாறே. அச்சிட்ட அட்டவணையில் இருக்கும் நிலையம் இன்றிரவு உண்மையில் ஒலிக்கிறதா என்பதை அட்டவணை சொல்லாது. கேட்பவர்தாம் சொல்ல முடியும். கேட்கவில்லை என்ற குறிப்பும் தரவுதான். அடுத்தடுத்துப் பல இரவுகள் ஓர் இடம் வெறுமையாக இருந்தால், ஒரு நிலையத்தைப் பற்றி விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, நிலைய அறிவிப்புகளை மட்டும் தனியே தொகுப்பது. ஆர்வலர் நிலையத்தை அடையாளம் காண அந்த ஒரு வாக்கியத்திற்காகக் காத்திருப்பார். மொழி ஆய்வாளருக்கு அவ்வாக்கியம் மொழிக்கொள்கையின் சுருக்கம். ‘வானொலி நிலையம்’ என்பதா ‘ஆகாசவாணி’ என்பதா என்ற கேள்வி தமிழகத்தில் நெடுநாள் விவாதம். 2023 மே மாதத்தில் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயரைக் கைவிட்டு ‘ஆகாசவாணி’ என்றே கூற வேண்டும் என்ற உத்தரவு வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. உத்தரவின் நகல் கோப்பில் கிடைக்கும். அறிவிப்பாளர் எந்த இரவு, எந்த நிலையத்தில், எச்சொல்லை எத்தொனியில் கூறினார் என்பது எக்கோப்பிலும் கிடைக்காது.

மூன்றாவது, எல்லையின் இருபுறச் செய்திகளையும் ஒரே நாளில் கேட்பது. வங்காளம் பேசும் இரு நாட்டு நேயர்களையும் கருத்திற்கொண்டு ஆகாசவாணி மைத்ரீ 2016 ஆகஸ்ட் 23 அன்று தொடங்கப்பட்டது. சின்சுராவின் 594 கிலோஹெர்ட்ஸ் அதற்குரிய அலைவரிசை. தண்ணீரைக் குறிக்க மேற்கு வங்கத்துப் பொதுவழக்கில் ‘ஜல்’ என்பர். வங்கதேசத்தில் ‘பானி’ என்பர். இரு நாட்டாருக்கும் பேசும் ஒரு நிலையம் எச்சொல்லைத் தேர்கிறது? விருந்தினராக வந்தவர் எச்சொல்லைச் சொல்கிறார்? இலங்கைத் தமிழும் இந்தியத் தமிழும் வானொலியில் சந்தித்த வரலாற்றை அறிந்தவருக்கு இக்கேள்வி அயலானதன்று.

நான்காவது, மகாளய அமாவாசை விடியற்காலை 4 மணிக்கு ஒலிபரப்பாகும் ‘மகிஷாசுரமர்த்தினி’. 1930களில் தோன்றிய இந்நிகழ்ச்சியில் பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரல் வங்காளிகளின் நினைவில் ஊறிவிட்டது. 1976இல் அதற்கு மாற்றாக உத்தம் குமாரைக் கொண்டு வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பியபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். பழைய குரலே திரும்பி வந்தது. நேயர்கள் ஒரு நிறுவனத்தின் முடிவைத் திருத்திய அரிய நிகழ்வு அது. அப்பதிவு எங்கும் கிடைக்கும். நான் பதிய விரும்புவது அதைக் கேட்கும் தெருவை. எத்தனை வீடுகளில் வானொலிப் பெட்டி பேசுகிறது, எத்தனை வீடுகளில் திறன்பேசி பேசுகிறது என்று கரியாஹாட்டின் நான்கு சந்துகளில் நடந்து எழுதி வைப்பேன்.

இணையத்தில் நேரலையாகவே தெளிவாகக் கேட்கலாமே, இவ்வளவு பாடு எதற்கு என்று வினவுவோர் உண்டு. நியாயமான கேள்வி. அலைபேசிச் செயலியில் குரல் தெளிவாக வரும். ஒலியனியல் ஆய்வுக்கு அதுவே ஏற்றதும் கூட. அதனையும் பயன்படுத்துவோம். ஆனால் நேரலை ஓடி மறைவது. பிறகு தேடினால் இராது. ஆகவே எவ்வழியில் கேட்டாலும் பதிந்து குறித்து வைக்கும் கடமை மாறாது. மேலும், நேரலை மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பியிருக்கிறது. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் தாக்கியபின் தென் கொல்கத்தாவின் பல பகுதிகளில் நாட்கணக்கில் இரண்டும் இல்லை. அப்போது எந்த மொழியில், எந்த அலைவரிசையில் யாருக்குச் செய்தி எட்டியது என்பதை நேரலை பயன்பாட்டுக் கணக்கு காட்டாது.

சட்டத்தையும் நெறியையும் பற்றி ஒரு சொல். பொது ஒலிபரப்பைக் கேட்பதற்கும், அமெச்சூர் உரிமம் பெற்று ஒலிபரப்புவதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்குத் தேர்வும் உரிமமும் தேவை. பிறருக்குரிய கம்பியில்லாச் செய்திகளைக் கேட்டுப் பரப்புவது நம் வேலையன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட தனிப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடமளிக்கிறது. பதிவுகளைப் பொதுவெளியில் ஏற்றுவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. குறிப்பேட்டை யாருடனும் பகிரலாம். ஒலியைப் பொறுப்புடன் பேண வேண்டும்.

காலமும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. சூரியனின் 25ஆம் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டியதென நாசாவும் நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தன. செயல்பாடு தணியத் தணிய, மத்திய அலையின் தொலைதூர வரவு பொதுவாக மேம்படும். கேட்பதற்கு ஏற்ற ஆண்டுகள் வருகின்றன. கேட்பதற்கு நிலையங்கள் எஞ்சியிருக்குமா என்பதே ஐயம்.

ஆகவே மொழித்துறை ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் பதினைந்து இரவுகள், தம் ஊரின் ஒரு வானொலி நிலையத்தைக் கேட்டு, தேதி, நேரம், அலைவரிசை, அறிவிப்பு வாசகம், கேட்புநிலை ஆகியவற்றை எழுதித் தரட்டும். அதனைக் களப்பணியாக மதிப்பிடுங்கள். குறிப்பேடுகளைத் துறை நூலகத்தில் சேர்த்து வையுங்கள். பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பேச்சுத் தரத்தைப் பற்றி எந்தக் காப்பகத்திலும் இல்லாத ஒரு தொகுப்பு நம்மிடம் இருக்கும். அதற்கு மானியக் குழுவின் நிதி வேண்டியதில்லை. ஒரு வானொலிப் பெட்டியும், ஒரு நோட்டுப் புத்தகமும், இரவில் ஒரு மணி நேரமும் போதும்.