குளோரினுக்கும் கணக்கு உண்டு

இயற்கை விவசாயி வீட்டுக் கொல்லையில குளோரினான்னு கேட்கிறாங்க. பிள்ளைகள் குளிக்கிற தார்ப்பாய்த் தொட்டியில தண்ணி நாள்கணக்கா தேங்குது. கிருமிக்கு நம்ம கொள்கை தெரியுமா? பிளீச்சிங் பவுடர் போடத்தான் வேணும். ஆனா கைப்பிடிக் கணக்கு கூடாது. 33 சதவீத குளோரின் உள்ள தூள், 1,000 லிட்டருக்கு 5 கிராம்; லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் சொச்சம் வரும். பழைய தூளுக்கு வீரியம் குறைவு. வெயிலும் குளோரினைத் தின்னுடும். அதனால சாயங்காலம் வாளியில கரைச்சு, தெளிஞ்சதை மட்டும் ஊத்துங்க. சோதிச்சு, 1 முதல் 3 மில்லிகிராம் இருந்தாத்தான் பிள்ளைகளை இறக்கணும்.

உப்புநீர் பூமியான எங்க மாப்பிள்ளையூரணியில நல்ல தண்ணியைக் கொட்ட மனசு வராது. இரண்டு மூணு நாள் வெயில்ல விட்டு, குளோரின் போனதைச் சோதிச்சு, முருங்கைக்குப் பாய்ச்சலாம். ஜீவாமிர்த டிரம்முக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அங்க நாம வளர்க்கிறதே நுண்ணுயிரைத்தானே!