மயக்கம் வராவிட்டால் மருந்து நல்லதாகிவிடுமா?

“வாந்தியில்லை, மயக்கமில்லை, பிறகென்ன கெடுதல்?” தானா ராத்தா தேயிலைச் சரிவானாலும் ரப்பர்க் காடானாலும், மருந்தடிக்கும் தொழிலாளிக்கு இந்தப் பதில் போதும் என்போரை நாம் கேட்கிறோம்: எல்லா நஞ்சும் உடனே கொல்லுமா?

புற்றுநோயை விதைக்கும் நஞ்சு வேறு. விதைத்ததை வளர்க்கும் நஞ்சு வேறு. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதிலுள்ள நுண்வாசல்கள் வழியே அண்டை அணுக்கள் சேதி பரிமாறி, ஒன்றையொன்று கட்டுக்குள் வைக்கின்றன. டிடிடி, லிண்டேன் போன்ற பூச்சிமருந்துகள் அவ்வாசல்களை அடைப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டார்கள். அண்டையின் கட்டுப்பாடு அறுந்தால், முன்பே கெட்ட அணு தன்னிச்சையாகப் பெருகும்.

லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக நிபுணர் குழு அறிவித்தது 2015இல்! பல்லாண்டு அடித்த பிறகு! வேறு வகை நஞ்சான பாராகுவாட்டின் கதை என்ன? 2002இல் மலேசியாவில் தடை, 2006இல் தளர்வு, 2020இல்தான் முழுத்தடை. தாமதத்தின் விலையைக் கொடுத்தது யார் உடல்?

இரசாயன ஆபத்தை மதிப்பிட்டுத் தொழிலாளிக்கு விளக்குவது 2000ஆம் ஆண்டு விதிகளின்படி முதலாளியின் கடமை; தருமமல்ல. தோழர்களே, டின்னிலுள்ள மருந்தின் பெயரைக் கேளுங்கள். கிராணிமார்களே, எந்த மருந்து, எந்த நாள், அடித்தவர் யார் என்று எழுதி வையுங்கள். நோய் இருபதாண்டு கழித்து வரலாம்; அன்று நமக்குச் சாட்சி அந்தக் கணக்குப் புத்தகமே!