ஜெராக்ஸ் கடையில் கிடைக்காத விடை

பள்ளிகளில் கொடுக்கும் செயல்திட்டப் பட்டியலைப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. ஒரு சமூகப் பிரச்சினை, ஒரு புராணக் கதை, ஒரு குழு விளையாட்டு, ஓர் இலக்கியம் என்று எல்லாமே உண்டு. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தபோது, நூற்றில் 40 மதிப்பெண் இப்படிப்பட்ட வேலைகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. நோக்கம் நல்லதுதான். நடைமுறையில் பிள்ளை தலைப்போடு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. கடைக்காரர் இணையத்தில் தேடி நான்கு பக்கம் எடுத்துத் தருகிறார். சார்ட்டில் படம் ஒட்டி, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் பூ போட்டால் முழு மதிப்பெண். இதில் வெல்வது கையில் காசும் வீட்டில் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளை. தருமபுரி மாவட்டத்தின் ஏரியூர் போன்ற ஒன்றியத்தில், பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை இந்தப் போட்டியில் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறது. தலைப்புகளை மாற்ற வேண்டியதில்லை. விடை ஊருக்குள் மட்டுமே கிடைக்கும்படி கேள்வியை மாற்றினால் போதும். அப்போது அந்தப் பாட்டியே பிள்ளையின் பலம்.

ஏரியூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 'நீர் மாசு' என்ற தலைப்புக்கு யமுனையின் நுரைப் படத்தை ஒட்டுகிறார்கள். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரிலோ ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை, இன்னும் கூடினால் எலும்பு வளைவு. இதற்காகவே 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. அந்தக் குழாய் வருமுன் தெருவில் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள், குடம் சுமந்தது யார், இப்போது குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று பத்து வீட்டில் கேட்டு எழுதட்டும். மேட்டூர் நீர்த்தேக்கக் கரையிலுள்ள நாகமரை பக்கத்துப் பிள்ளைக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை நிறைந்தபோது மூழ்கிய ஊர்களிலிருந்து குடும்பங்கள் எங்கே போய்க் குடியேறின? நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும்போது பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? மகாபாரதம் என்றால், மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்தும் பாரதக் கூத்து இருக்கிறது. இலக்கியம் என்றால், தகடூர் அதியமானும் நெல்லிக்கனியும் என்று ஒரே பத்தியை எல்லோரும் எழுதுவதை விட்டு, மாவட்டத்தில் சிதறிக் கிடக்கும் நடுகற்களில் ஒன்றை வரைந்து, கையில் வில்லா வாளா, பக்கத்தில் மாடு உண்டா என்று பார்த்து எழுதலாம். கபடியின் வரலாறு எதற்கு? ஊர்ப் பெண்கள் எந்த வகுப்போடு விளையாட்டை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டால் விளையாட்டும் சமூகப் பிரச்சினையும் ஒரே நோட்டில் வந்துவிடும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள். நியாயமான பேச்சு. அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் ஊர்க்கதை, கைவைத்தியம், விளையாட்டு எல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். அது கூடுதல் சுமையாக வைக்கப்படவில்லை. வாரந்தோறும் எழுதும் கட்டுரைக்குப் பதிலாக வைக்கப்பட்டது. அந்த நோட்டுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் சேகரிப்பில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் எடுத்துப் படிக்கிறார்கள். நம் சார்ட்டுகள் ஆண்டு முடிந்ததும் எடைக்குப் போகின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஊர் நினைவு சாதியின் நினைவும்கூட. எந்தக் கிணற்றில் யார் இறைத்தார்கள், கூத்து எந்தத் தெருவோடு நின்றது என்று கேட்டால் வகுப்பறைக்குள் புண் கிளறப்படலாம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆகவே பேர் எழுதவேண்டாம், தெரு எழுதவேண்டாம், சொந்த வீட்டுக் கதையை வகுப்பில் வாசிக்கும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தவேண்டாம் என்ற விதிகளோடு தொடங்க வேண்டும். ஆனால் வெட்டி ஒட்டிய சார்ட்டிலும் சாதி இருக்கத்தான் செய்கிறது. யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் கதை கட்டுவார்களே என்பது சின்னக் கவலை. ஒரே சம்பவத்தை இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக எழுதி வந்தால், எது நடந்திருக்கும் என்று வகுப்பே விசாரிக்கட்டும். வரலாற்றுப் பாடம் நடத்த அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. மதிப்பெண்ணில் மட்டும் ஒரு மாற்றம் தேவை. படத்துக்கும் அலங்காரத்துக்கும் ஒன்றும் தராமல், யாரிடம் கேட்டாய் (பேர் இல்லாமல், பாட்டியா பக்கத்து வீட்டுக்காரரா என்ற அளவில்), என்ன கேட்டாய், பதிலில் எதை நம்பவில்லை என்ற மூன்றுக்கும் கொடுக்க வேண்டும். இதற்கு அரசாணைகூட வேண்டாம். தலைமையாசிரியர் ஒருவர் மனம் வைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.